துரை மாளிகையும் படமாளிகையும்

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நாடெங்குமுள்ள அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நுவரெலியாவின் பழைய அஞ்சலகத்தை உல்லாச விடுதியாக்கும் பொருட்டுத் தனியாரிடம் ஒப்படைக்க அரசு முனைந்ததை எதிர்த்தே அப்போராட்டம் எழுந்தது. 1894இல் செங்கல்லால் எழுப்பப்பட்ட கட்டடம் அது. உழைப்பாளி கூலி உயர்வுக்காக மட்டுமே போராடுவான், கட்டடத்தின் அருமை அவனுக்குத் தெரியாது என்று எண்ணியிருந்தோர் அன்று நாணினர். எதிர்ப்பு வலுத்தது, பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த வெற்றியை நாம் மனமாரப் போற்றுகின்றோம்.

போற்றும் அதே வேளையில் ஒரு கேள்வி நம் நெஞ்சை உறுத்துகின்றது. இதே மலைநாட்டின் சந்தை நகரங்களில் படமாளிகைகள் மூடப்பட்டபோது, அவற்றுட் பல களஞ்சியங்களாகவும் கடைத்தொகுதிகளாகவும் மாறியபோது, சில கூரைத் தகரம் கழற்றப்பட்டு மண்ணோடு மண்ணாகியபோது, யார் வாய் திறந்தனர்? தொழிற்சங்கங்கள் திறந்தனவா? எழுத்தாளர் திறந்தனரா? ஆசிரியர்களாகிய நாம் திறந்தோமா? இல்லை. ஒரு தந்திகூட, ஒரு துண்டுப் பிரசுரங்கூட இல்லை. இந்த மௌனத்தின் காரணத்தை ஆராய்வதும், அது தவறு என நிறுவுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

எவை காக்கப்படுகின்றன?

மலைநாட்டில் பழைமை பேணப்படவில்லை என்று எவரும் கூற முடியாது. மிக நன்றாகவே பேணப்படுகின்றது. 1876இல் தோன்றிய நுவரெலியா ஹில் கிளப், வேட்டையாடிய விலங்குகளின் தலைகள் சுவரில் தொங்க, இன்றும் துலங்குகின்றது. உள்நாட்டவரை நெடுங்காலம் உறுப்பினராகச் சேர்க்காத கழகம் அது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் இல்லத்திலிருந்து விரிந்த கிராண்ட் ஹோட்டல் தன் புல்வெளியோடு பொலிகின்றது. கந்தப்பளையில், இயங்காது நின்றுபோன ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் உயர்தர விடுதியாகப் புத்துயிர் பெற்றது. காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த துரைமார் பங்களாக்கள், அந்நாளைய நாற்காலியும் தேநீர்க் கோப்பையும் மாறாமல், வெளிநாட்டு விருந்தினருக்குத் திறந்து வைக்கப்பட்டுள்ளன.

இவற்றை இடிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அக்கற்களைச் சுமந்தவர் நம் முன்னோர். அப்புல்வெளியைச் செதுக்கியவரும் அவரே. ஆயின், துரை உறங்கிய அறை சரித்திரமாகின்றது. தொழிலாளி சிரித்த மண்டபம் குப்பையாகின்றது. இந்தத் தராசு யாருடையது?

இத்தராசு சட்டத்திலேயே தொங்குகின்றது. நமது தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்டது. தொன்மைச் சின்னம் என்பதற்கு அது வகுத்த எல்லை 1815 மார்ச் 2. அஃதாவது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட நாள். அந்நாளுக்கு முற்பட்டது தொன்மை. பிற்பட்டது, அரசு தனியே விரும்பி அறிவித்தாலன்றித் தொன்மையாகாது. நம் மக்கள் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டதோ 1820களில். 200 ஆண்டு நிறைவை நினைந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே, அந்த வரலாறு முழுவதும் சட்டத்தின் எல்லைக்கோட்டுக்கு இப்புறத்தே கிடக்கின்றது. அரசு மனமுவந்து கைநீட்டினாலன்றி, மலையக மக்கள் கட்டிய எதுவும், கூடிய எவ்விடமும், இந்நாட்டின் தொன்மைப் பட்டியலில் ஏறாது.

சட்டத்தை மட்டும் குறை கூறி நாம் தப்பிக்க முடியாது. அச்சட்டம் நம் மனத்திலும் இருக்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில், தம் பிரதேசத்துச் சரித்திரச் சின்னம் ஒன்றை வரைந்துவரும்படி மாணவரைப் பணித்தோம். பலர் பாடநூலைப் பார்த்துச் சீகிரியாவை வரைந்தனர். சிலர் துரை பங்களாவை வரைந்தனர். தோட்டத்து லயத்திலிருந்து வரும் ஒரு மாணவன், நகரத்தின் கீழ்த் தெருவில் மூடிக் கிடந்த படமாளிகையை வரைந்திருந்தான். முகப்பில் உதிர்ந்த எழுத்துகள், பயணச்சீட்டு விற்பது போன்ற சிறு துவாரம், சுவரோடு ஒட்டிய இரும்புக் கம்பி வேலி, எல்லாம் இருந்தன. "இது சரித்திரமன்று, வேறொன்று வரைந்து வா" என்று நாம் திருப்பிக் கொடுத்தோம். அவன் மறுநாள் சீகிரியாவோடு வந்தான். அடுத்த ஆண்டில் அப்படமாளிகை இடிக்கப்பட்டது. பின்னர் அந்தப் படத்தை நாம் கேட்டபோது அவனிடமும் அது இல்லை. 1815ஆம் ஆண்டின் எல்லைக்கோட்டை அவ்வகுப்பறையில் கீறியவர் ஆளுநர் அல்லர்; நாமே கீறினோம்.

கலரியில் அமர்ந்தவன்

படமாளிகை தொழிலாளிக்கு என்னவாக இருந்தது என்பதை அறிய வேண்டுமாயின், தோட்டம் என்னவாக இருந்தது என்பதை முதலில் நினைவுகொள்ள வேண்டும். விடியலில் பிரட்டு. பிரட்டில் பேர். பின்னர் மலை, மாலையில் கொழுந்து நிறுவை, இரவில் பத்தடி லயத்து அறை. வழி துரைக்குச் சொந்தம். வாசல் துரைக்குச் சொந்தம். கோயில் நிலமும் துரையின் தயவு. வெளியார் உள்ளே நுழைந்தால் அத்துமீறல். ஆகவேதான் தொழிற்சங்கத்தார் தோட்டத்துக்கு வெளியே, கடைவீதியில், தொழிலாளரைச் சந்தித்தனர். 1937 ஏப்ரலில், தோட்டத் துரைத்தொழில் பயில வந்து அதிலிருந்து நீக்கப்பட்ட வெள்ளை இளைஞன் பிரேஸ்கேர்டில் தொழிலாளர் முன் முழங்கியதும் நாவலப்பிட்டி நகரத்திலேதான். நகரத்துக்கு இறங்கியபோதே தோட்டத் தொழிலாளி துரையின் கண்ணுக்கு அப்பாற்பட்ட மனிதனானான்.

அந்நகரத்தில் அவனுக்காகக் கதவு திறந்த பெரிய கட்டடம் எது? வங்கி அன்று, அங்கே அவனுக்குக் கணக்கில்லை. கச்சேரி அன்று; அங்கே அவன் கைகட்டி நிற்க வேண்டும். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவன் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பங்கிட்டு, மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று ஒதுக்கியது. அவ்வாறு எண்ணப்பட்டவனிடம், நீ எந்நாட்டான் என்று கேளாமல் உள்ளே விட்ட மண்டபம் படமாளிகை ஒன்றே. சில்லறையை நீட்டினான், சீட்டு வந்தது, அமர்ந்தான்.

இதனைச் சமத்துவம் என்று நாம் மிகைப்படுத்தவில்லை. கணக்கப்பிள்ளைக்கும் கடை முதலாளிக்கும் பல்கனி. தொழிலாளிக்குத் திரைக்கு மிக அருகே கலரி. மூட்டைப்பூச்சியும் பீடிப் புகையும் அவன் பங்கு. ஆயினும் துரையைக் கண்டதும் எழுந்து நிற்க வேண்டாத இடம் அது. பணம் கொடுத்தவன் என்ற உரிமையோடு, படம் அறுந்தால் கலரி விசிலடித்தது, கூச்சலிட்டது. தோட்டத்தில் வாய் திறந்தால் பேர் வெட்டப்பட்ட மனிதன், இங்கே தனக்கு உரியதை உரத்த குரலில் கேட்டுப் பெற்றான்.

எம் பாட்டியார் எழுத்தறியாதவர். பத்தாம் திகதிச் சம்பளம் வந்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமையில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பிள்ளைகளை முன்னே விட்டு, குறுக்குப் பாதையில் மலை இறங்கிப் படம் பார்க்கச் செல்வார். திங்கட்கிழமை கொழுந்து மலையில் அப்படத்தின் கதை தொடங்கும். நிரைக்கு நிரை குரல் கொடுத்து, போக முடியாத பெண்களுக்கு அவர் அதைச் சொல்வார். ஒரு படம் ஒரு வாரம் ஓடும். நகரத்திலும் ஓடும், எட்டாம் நம்பர் மலையிலும் ஓடும். எம் வீட்டில் நீண்ட வசனத் தமிழைப் பேசிய முதல் வாய் அவருடையது. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நாம், எமது முதல் தமிழாசிரியர் யார் என்று எண்ணினால், அந்தக் கலரியையும் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மறைந்த வரலாறு

இப்படமாளிகைகள் தனித்து முளைத்தவை அல்ல. நாட்டின் திரைப்பட வரலாற்றோடு அவை பின்னியவை. சிற்றம்பலம் கார்டினர் 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடக்கினார். முதலாவது சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறந்துவ' 1947இல் வெளிவந்தது; அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அது படமாக்கப்பட்டது மதுரையில். குணரத்தினத்தின் சினிமாஸ் நிறுவனம் படமாளிகைகளையும் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவையும் நடத்தியது. இரு மொழி மக்களின் உழைப்பும் கலந்து வளர்ந்த கலை இது.

மலையகம் இவ்வரலாற்றில் வெறும் பார்வையாளராக மட்டும் இருக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் கிருஷ்ணகுமார் உருவாக்கிய 'தோட்டக்காரி', இந்நாட்டின் தொடக்ககாலத் தமிழ்ப் படங்களுள் ஒன்று. அதன் பெயரே தேயிலை மலையின் பெயர். 1975இல் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' தோட்ட வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது. கொழுந்து பறிப்பவள் தன் கூடையைத் தானே திரையில் கண்டது அத்தகைய படங்களில்.

இதற்கு நேர்மாறான ஒரு செய்தியும் உண்டு. இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் பேசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படம் 1934இல் வெளிவந்தது. உலகத் திரைப்பட வரலாற்று நூல்கள் அதனைப் போற்றுகின்றன. அதன் சுருள்கள் கண்ணும் கருத்துமாகக் காக்கப்படுகின்றன. தேயிலையை விற்பதற்காக எடுத்த படம் இவ்வாறு வாழ்கின்றது. தேயிலை பறித்தவர் படம் பார்த்த மண்டபங்களுக்கோ ஒரு புகைப்படத் தொகுப்புக்கூட இல்லை.

அவை ஏன் வீழ்ந்தன? 1970களில் படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறின. தமிழ்ப் படங்களின் வரவு சுருங்கியது. 1979இல் தொலைக்காட்சி வந்தது. 1982இல் ரூபவாஹினி வந்தது. பின்னர் வீடியோ வந்தது. இவை யாவும் எந்நாட்டிலும் நிகழக்கூடியவை. ஆனால் 1983 ஜூலையில் நிகழ்ந்தது வேறு. தமிழர் கடைகளோடு தமிழருடைய படமாளிகைகளும் எரிக்கப்பட்டன. விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானது. சிங்களப் படங்களை நெறிப்படுத்திய கே. வெங்கட் என்னும் தமிழர் கொல்லப்பட்டார். அதன் பின் இரவுக் காட்சிக்குச் செல்லத் துணிந்த தோட்டத் தொழிலாளி எத்தனை பேர்? திரை கிழிந்ததற்குத் தொலைக்காட்சியை மட்டும் காரணம் காட்டும் வரலாறு, பாதியை மறைக்கும் வரலாறு.

கொழும்புக்கு ஒரு நீதி

"பழைய கொட்டகையைக் காப்பது நடக்கிற காரியமா?" எனக் கேட்பார் உளர். நடந்திருக்கின்றது, நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றது. மருதானையில் 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபம், நூர்த்தி நாடகங்களின் தாயகம். பின்னாளில் படமும் காட்டிப் பாழடைந்தது. 1978இல் அது புதுப்பிக்கப்பட்டது. அதனைப் பேணத் தனிச் சட்டத்தால் ஒரு மன்றமும் அமைக்கப்பட்டது. அதே மருதானையில் 1920களில் கல்கத்தாவின் மதன் நிறுவனத்தார் எழுப்பிய எல்பின்ஸ்டன் படமாளிகையும் அரசின் பொறுப்பில் வந்து, அண்மைய ஆண்டுகளில் புதுப்பொலிவு பெற்றது. இதனைச் செய்த கைகளை நாம் வணங்குகின்றோம். சிங்கள நாடகத்தின் பிறப்பிடம் காக்கப்பட்டது நமக்கும் பெருமையே. ஆனால் மருதானைக்குக் கிடைத்த அறிவு ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் ஏன் மலை ஏறி வரவில்லை?

கடலுக்கு அப்பால் நோக்கினும் இரு வழிகளையும் காண்கின்றோம். சென்னை மவுண்ட் ரோட்டில் 1913இல் திறக்கப்பட்ட எலெக்ட்ரிக் தியேட்டர் சில ஆண்டுகளே படம் காட்டியது. அஞ்சல் துறையார் அதனை வாங்கினர், இடிக்கவில்லை. இன்றும் அது தபால்தலைப் பணியகமாக நிற்கின்றது. ஆனால் மதுரையில் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு கதவு திறந்த தங்கம் தியேட்டர், ஆசியாவிலேயே பெரியது எனப் புகழப்பட்டும், தரைமட்டமானது. அவ்விடத்தில் துணிக்கடை எழுந்தது. இலண்டன் நகரின் டூட்டிங்கில் 1931இல் எழுந்த கிரனாடா படமாளிகையை, மன்னர் மாளிகைகளுக்கு அளிக்கும் முதல்தரப் பாதுகாப்பில் ஆங்கிலேயர் வைத்துள்ளனர். இன்று அங்கே படம் ஓடவில்லை. படம் நின்ற பின் பல்லாண்டுகள் பிங்கோ விளையாட்டு நடந்தது. ஆயினும் ஒரு தூணையும் எவரும் பெயர்க்க முடியாது. நமக்கு 1815இல் கோடு கிழித்துத் தந்தவர், தம் ஊரில் 1931ஆம் ஆண்டுச் சினிமாக் கொட்டகையைச் சரித்திரம் என்கின்றனர்!

இரு மறுப்புகள்

முதல் மறுப்பு, வயிற்றிலிருந்து வருவது. நாட்கூலி 1,000 ரூபாய்க்கே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்களுக்கு, காணியும் வீடும் இன்றி இன்னும் லயத்தில் வாழும் மக்களுக்கு, படமாளிகையைக் காப்பது ஒரு கேடா என்பர். இக்கேள்வி நேர்மையானது, ஆகவே நேராகவே விடை கூறுவோம். காணியுரிமைக்கான போராட்டத்தில் ஓர் அணுவும் குறையக் கூடாது. ஆனால் அவ்வுரிமையை நாம் எதனால் கேட்கின்றோம்? இருநூறு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தோம் என்பதனாலேயே கேட்கின்றோம். வாழ்ந்தமைக்குச் சான்று எங்கே? துரையின் செக்ரோலில் நாம் பேர்களாக இருக்கின்றோம். ஒப்பந்தத் தாள்களில் எண்களாக இருக்கின்றோம். நாமே விரும்பிக் கூடிய இடங்கள்தாம் நம்மை மனிதராகக் காட்டும் சாட்சியங்கள். சாட்சியை அழிய விட்டவன் வழக்கில் எதனைக் காட்டி வெல்வான்? கம்பளைப் பகுதியில் பழைய பீகொக் தோட்டத்து லயத்தைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007இல் மாற்றியோர் இவ்வுண்மையை அறிந்தவர். லயத்து அறையே அருங்காட்சியகமாகலாம் எனில், படமாளிகை ஆகாதோ?

இரண்டாவது மறுப்பு நம் முற்போக்கு அணியிலிருந்தே வருவது, அது கூர்மையானது. வணிகச் சினிமா மக்களை மயக்கிய அபின் அன்றோ? நடிகரைத் தெய்வமாக்கிய கூடத்துக்கு நாம் கோயில் கட்டுவதா? நம் மூத்த எழுத்தாளர் பலர் அம்மயக்கத்தைச் சாடினர். சாடியது சரியே. அரைகுறை வீரமும் கண்ணீரும் கலந்து, துன்பத்தின் காரணத்தை மறைத்த படங்கள் மிகப் பல. ஆயின், திரையில் ஓடியதை விமரிசிப்பது வேறு. முன்னே அமர்ந்தவரை மறப்பது வேறு. மூடநம்பிக்கையை எதிர்க்கும் நாம் பழங்கோயிற் கல்வெட்டைப் படிக்காமல் விடுவதில்லை. அதில் நிலமும் வரியும் மனிதரும் இருப்பதை அறிவோம். படமாளிகையின் கலரியும் பல்கனியும் அத்தகைய கல்வெட்டே. எவன் எங்கே அமர்ந்தான், எவள் எந்நாளில் வந்தாள், எந்தக் காட்சியில் கைதட்டினர், எந்த ஆண்டோடு வருவதை நிறுத்தினர் என்பன எல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. மக்களை நேசிக்கின்றோம் என்று கூறிக்கொண்டு, அம்மக்கள் எதை நேசித்தனர் என்று கேளாதிருந்தது நம் பிழை. அப்பிழையை ஒப்புக்கொள்வோம்.

செய்ய வேண்டுவன

உரிமையாளரை ஏசுவதில் பயனில்லை. வருமானமற்ற கட்டடத்துக்கு வரி கட்டி, ஒழுகும் கூரையின் கீழ் அவர் எத்தனை காலம் காத்திருப்பார்? பொறுப்பு பொதுவுடையது. எஞ்சி நிற்கும் படமாளிகைகளை மலையகத்தின் ஒவ்வொரு நகரசபையும் பிரதேச சபையும் கணக்கெடுக்க வேண்டும். 1815க்குப் பிற்பட்டதாயினும் ஒரு கட்டடத்தை வர்த்தமானியில் அறிவித்துக் காக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. அவ்வதிகாரத்தை நம் பிரதிநிதிகள் கேட்டுப் பெற வேண்டும். ஒன்றையேனும் பொதுமக்கள் மண்டபமாக மீட்க வேண்டும். அங்கே காமன்கூத்து ஆடட்டும். பொன்னர் சங்கர் ஆடட்டும். 'புதிய காற்று' மீண்டும் ஓடட்டும். சிங்களப் படமும் ஓடட்டும். உல்லாசப் பயணிக்குக் காட்டும் பொம்மை வீடாக அது ஆகிவிடக் கூடாது. கலரியில் அமர்ந்தவரின் பேரப்பிள்ளைகள் கட்டணமின்றி நுழையும் கூடமாக அது இருக்க வேண்டும்.

இவையெல்லாம் நிறைவேறும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. படச்சுருளைச் சைக்கிளில் கொண்டு சென்றவர், சீட்டுக் கிழித்தவர், இயந்திர அறையில் வியர்த்தவர், சுவரொட்டி ஒட்டியவர் ஆகியோருட் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் முதியவர், நாட்கள் குறைவு. ஆசிரியத் தோழர்களே, மாணவரை ஏட்டோடும் எழுதுகோலோடும் அவர்களிடம் அனுப்புவோம்.

நுவரெலியா அஞ்சலகத்தைக் காத்தவர், அங்கே கடிதம் பிரித்த ஊழியர். படமாளிகையைக் காக்க வேண்டியவர், அங்கே சீட்டு வாங்கிய மக்களின் பிள்ளைகள். நாம் அப்பிள்ளைகள். இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்புக்கு அதே பணியை மீண்டும் கொடுத்துள்ளோம். தம் பிரதேசத்துச் சரித்திரச் சின்னம் ஒன்றை வரைந்துவர வேண்டும். இம்முறை எவருடைய படத்தையும் திருப்பிக் கொடுக்க மாட்டோம்.